ஷோகேஸில் நடுத்தட்டு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன். எங்கள் ஊர் ஜனங்களுக்கு ஒரு பொருளைப் பத்திரப்படுத்த ஒரே வழிதான் தெரியும். ரேஷன் கார்டா, லேமினேஷன் போடு. செத்துப்போன அப்பா போட்டோவா, லேமினேஷன் போடு. ஒரு அம்மா கோயிலில் பூசாரி கொடுத்த வில்வ இலையைக் கொண்டுவந்து, இதையும் போட்டுக் கொடு என்று நின்றார். வேண்டாம்மா என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. போட்டுக் கொடுத்தேன். இலை வெந்த கீரை மாதிரி வெளியே வந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டிவிட்டுப் போனார்.

அதனால்தான் என் கார்டுகளை அந்த மெஷின் பக்கமே காட்டுவதில்லை. சூடான உருளைக்குள் போய் வந்தால் பிளாஸ்டிக்கும் அட்டையும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். அப்புறம் பிரித்தால் அச்சு உரிந்துவரும். இது எனக்குத் தெரியும், நான் தினமும் செய்கிற வேலை. ஆனால் என் கார்டுகளைப் பார்க்கிற ஒவ்வொருவரும் எனக்கு இலவசமாகச் சொல்லும் யோசனை என்ன தெரியுமா? உன் கடையிலேயே மெஷின் இருக்கே, ஒரு லேமினேஷன் போட்டுவிடேன். சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

கார்டு என்றால் மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டு. மாகறலில் நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பெட்டிக்கடையில் தொங்கும். ஒவ்வொரு கார்டிலும் ஒரு பயில்வான் முறைத்துக்கொண்டு நிற்பான். அவனுக்குக் கீழே உயரம், எடை, மார்பளவு, போட்ட சண்டை, ஜெயித்த சண்டை, ரேங்க் என்று வரிசையாக எண்கள். இரண்டு பேர் ஆட வேண்டும். நான் எடை என்று சொன்னால் எதிராளியும் தன் கார்டில் எடையைச் சொல்ல வேண்டும். யாருடைய எண் பெரிதோ அவருக்கே இரண்டு கார்டும். ரேங்க்குக்கு மட்டும் சின்ன எண் ஜெயிக்கும். ஒன்றாம் ரேங்க் கையில் இருந்தால் அவன்தான் அந்த வாரத்துக்கு ராஜா.

எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு இன்றுவரை வராது. ஆனால் எந்தப் பயில்வானின் மார்பளவையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எதிராளி கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு ஆடுவேன். பையன்கள் தோற்றார்கள். பெட்டைப்புள்ளையிடம் தோற்றோம் என்ற ஆத்திரத்தில் மறுபடி ஆடினார்கள், மறுபடி தோற்றார்கள். ஒருத்தன் அழுதுகொண்டே போய் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். என் நைனா அப்போது செய்யாற்றங்கரையில் வெண்டைக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தார். வரப்பிலேயே நின்று, "ஜெயிச்சதைத் திருப்பிக் கேக்கறது இன்னா நாயம்மா?" என்று கேட்டார். அதோடு பஞ்சாயத்து முடிந்தது. ஒன்றாம் ரேங்க் கார்டு அந்தப் பையனிடமிருந்து வந்ததுதான்.

கல்யாணமாகி வந்தபோது கார்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் என்னோடு வந்தன. பல வருஷம் பீரோவுக்குள் புடவைக்கு அடியில் கிடந்தன. பழைய வீட்டின் முன்பக்கத்தை இடித்து ஹால் வைத்துக் கட்டியபோது, எங்க வீட்டுக்காரர் டி.வி.க்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்ட ஷோகேஸ் ஒன்று செய்யச் சொன்னார். மூன்று தட்டு. மேல் தட்டில் கல்யாண போட்டோ, கீழ்த் தட்டில் மகள் வாங்கிய கப்புகள் என்று அவரே முடிவு பண்ணிவிட்டார். நடுத்தட்டு எனக்கு என்று சொன்னேன். எதற்கு என்றார். டப்பாவை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"சீட்டுக்கட்டைக் கொண்டாந்து நடு ஹால்ல வெப்பியா? வர்றவன் போறவன் இன்னா நெனப்பான்?" என்றார்.

வர்றவன் போறவன் என்று சொன்னாரே தவிர, அவர் நினைத்தது அவருடைய அம்மாவை. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் விடவில்லை. கடை வருமானத்தில் பாதி அந்த ஹாலின் டைல்ஸில் கிடக்கிறது, ஒரு தட்டு கேட்க எனக்கு உரிமை இல்லையா என்று ஒரே பிடியாகப் பிடித்தேன். அவருக்குச் சண்டை என்றாலே பேஜார். சரி, வெச்சித் தொலை என்று டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தட்டு கிடைத்துவிட்டது, அடுத்தது பாதுகாப்பு. டப்பாவுக்குள் இருட்டில் கிடந்தவரை அவற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை. பத்து பேர் பார்க்கட்டும் என்று வெளியே வைத்ததும் ஆயிரம் எதிரி. முதலில் கடையில் இருந்த ஃபைல் பாக்கெட்டிலேயே போட்டு நிறுத்தினேன். ஒரு கோடை தாண்டியதும் பிளாஸ்டிக் வியர்த்து, கார்டோடு ஒட்டிக்கொண்டது. மெதுவாகத்தான் பிரித்தேன், அப்படியும் ஒரு பயில்வானின் பாதி மீசை பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. இன்றைக்கும் அவன் அரை மீசையோடுதான் நிற்கிறான். அன்றைக்கு நான் நாஷ்டா சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு கார்டுக்கென்றே வரும் மெல்லிய கவர்களைக் கூரியரில் வரவழைத்தேன். ஒரு கார்டுக்கு ஒரு கவர், மேல்பக்கம் மட்டும் திறந்திருக்கும். புதுச் சுவரின் ஈரம் பின்பக்கமாக ஏறாமலிருக்க ஒரு தெர்மாகோல் பலகை வைத்தேன். மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் நேரே தட்டில் அடிக்கும், சிவப்பு மையெல்லாம் வெளுத்துவிடும். அதற்கு ஒரு கனத்த பருத்திப் புடவையைக் கிழித்து ஸ்கிரீன் தைத்தேன். செருப்பு டப்பாவில் 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதி ஒரு குட்டிப் பொட்டலம் வருமே, ஈரம் உறிஞ்சுவது, அதைப் பக்கத்துச் செருப்புக் கடைக்காரரிடம் சொல்லிச் சேர்த்து, தட்டின் மூலைகளில் போட்டேன். தினமும் கடையிலிருந்து வந்து கை கழுவி, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு கண்ணாடியைத் திறப்பேன். ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைப்பேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிச் செய்யலியே என்று எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

என் மாமியார் டி.வி. முன்னால் உட்கார்ந்து, முறத்தில் எதையாவது புடைத்துக்கொண்டு, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு பேசி மனம் ஆறியிருப்பேன். பேசாமல் இருக்கிறவர்களை என்ன செய்வது?

அவர் பேசாததற்குக் காரணம் இருந்தது. என் மாமனார், நான் வருவதற்கு முன்பே காலமானவர், சீட்டு ஆடுகிற மனுஷன். பம்புசெட் கொட்டகையில் உட்கார்ந்தால் நாற்று வாடினாலும் எழுந்திருக்கமாட்டாராம். சைக்கிள் போயிற்று, வண்டிமாடு போயிற்று. கடைசியில் மாமியாருக்கு அவர் அண்ணன் சீராகக் கொடுத்த பித்தளை அண்டா போயிற்று. அண்டாவின் கழுத்தில் மாமியார் பெயரை வெட்டியிருந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்த அண்ணன் வேறொரு ஊரில் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். சாம்பார் ஊற்ற வந்தவன், தங்கச்சி பெயர் வெட்டின அண்டாவைப் பக்கத்தில் இறக்கி வைத்திருக்கிறான். அவர் பாதி இலையில் எழுந்து வந்துவிட்டார். இந்த வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எப்போது வந்தாலும் தங்கச்சி கையால் ஒரு வாய் காபி குடித்துவிட்டு எழுந்துவிடுவார், சாப்பிட உட்காரமாட்டார். இதை எனக்குச் சொன்னது எங்க வீட்டுக்காரர். மாமியார் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததே இல்லை.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீடு முழுக்கக் கழுவிக்கொண்டிருந்தோம். நான் நடுத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் ரேங்க் கார்டின் கவர் மடிந்து ஓரம் கிழிந்திருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கார்டை வெறுமனே நடுவில் நிறுத்தினேன். புதுக் கவர் பார்சல் கடையில் இருந்தது, நாளைக்குக் கொண்டுவந்து போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் மாமியார் பின்னால் வந்து நின்றார்.

"நாளைக்கி சாமி கும்புட்ற நாளு. மறாநாளு எங்கண்ணன் வராரு," என்றார். "அந்த சீட்டை எட்த்து உள்ள வெச்சிடு."

சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது அவருக்கு. எனக்கும் ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம். காலையிலிருந்து ஒட்டடை அடித்துக் கண்ணெல்லாம் தூசி.

"எடுக்கமாட்டேன் அத்தை. இது யாரும் எதையும் தோத்த சீட்டு இல்ல. நான் ஆடி ஜெயிச்சது," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று உறைத்தது. குத்தினால் குத்தட்டும் என்றும் இருந்தது. அவர் முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எங்க வீட்டுக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டிராக்டர் கழுவுகிறேன் என்று ஏரிக்கரைப் பக்கம் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் கடையில் பூஜை. ஜெராக்ஸ் மெஷினுக்கு, பிரிண்டருக்கு, லேமினேஷன் மெஷினுக்கு, கத்தரிக்கோலுக்குக்கூடச் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்து, பக்கத்துக் கடைக்காரர்களுக்குக் கொடுத்து முடிய மதியமாகிவிட்டது. கவர் பார்சலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்க வீட்டுக்காரர் டிராக்டருக்கு மாலை போட்டு ஊரைச் சுற்றப் போயிருந்தார். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். ஹாலில் ஒருவரும் இல்லை.

ஷோகேஸ் கண்ணாடி திறந்து கிடந்தது. நடுத்தட்டு காலி. என் தெர்மாகோல் மட்டும் வெள்ளையாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

மேல் தட்டு, கீழ்த் தட்டு, பீரோ, கட்டிலுக்கு அடி என்று பார்த்தேன். எங்கும் இல்லை. புகை வாசனை வந்தது. கொல்லைப்பக்கம் ஓடினேன். முந்தின நாள் கழித்துப் போட்ட குப்பையைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். பாதி எரிந்து புகைந்துகொண்டிருந்தது. தென்னமட்டை, பிய்ந்த பாய், அட்டைப்பெட்டி. சாம்பலுக்கு நடுவில் ஒரு பளபளப்பான அட்டைத் துண்டு, சிவப்பும் மஞ்சளுமாக, ஓரம் சுருண்டு கருகிக்கொண்டிருந்தது.

ஒரு குச்சியை எடுத்து அதை வெளியே இழுத்தேன். போச்சு, எல்லாம் போச்சு, இந்த வீட்டில் எனக்கு ஒரு தட்டுகூடக் கிடையாது என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து வீட்டு ஆடு ஒன்றுதான் கேட்டது. காலால் தேய்த்து நெருப்பை அணைத்துத் திருப்பிப் பார்த்தால், பழைய காலண்டர் அட்டை. அதில் முருகர் பாதி முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அது காலண்டர் என்று தெரிந்ததால் கார்டு கிடைத்துவிடவில்லையே. அடியில் எங்கேயாவது எரிந்து போயிருந்தால்? குவியலைக் கிளறிக்கொண்டே, "அத்தை," என்று ஒரு சத்தம் போட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"தோ உள்ள கீறேன்," என்று பதில் வந்தது, சாமான் அறையிலிருந்து.

பழைய வீட்டில் நாங்கள் இடிக்காமல் விட்டது அந்த ஓட்டு அறை ஒன்றுதான். மண்வெட்டி, கடப்பாரை, உர மூட்டை எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆயுத பூஜையும் அங்கேதான். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனேன். இருட்டுக்குக் கண் பழகச் சிறிது நேரம் ஆயிற்று.

மண்வெட்டியும் அரிவாளும் சுவரோரம் சாத்தியிருந்தன. முன்னால் மிக்சி, கிரைண்டர் கல், அரிவாள்மனை, மகளின் புத்தகங்கள், எங்க வீட்டுக்காரரின் ஸ்பேனர் டப்பா. எல்லாவற்றிலும் பொட்டு. அவற்றுக்கு முன்னால் ஒரு மணை போட்டு, மணைமேல் தலைவாழை இலை விரித்து, அந்த இலைமேல் என் கார்டுகள். வரிசை வரிசையாக. ஒவ்வொரு பயில்வானின் மார்பிலும் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். அரை மீசைக்காரனுக்கும் ஒன்று.

எரியவில்லை என்பதற்குச் சந்தோஷப்படுவதா, இப்படி ஈரத்தை அப்பி வைத்திருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொள்வதா? எனக்கு இரண்டும் ஒன்றாக வந்தது. மாமியார் கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் சாம்பல் காலையும் கையிலிருந்த குச்சியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஈரச் சந்தனம் வெச்சிருக்கீங்களே அத்தை, அட்டை ஊறிப் பூடாதா?" என்றேன். கேட்கும்போதே கண் அந்த ஒன்றைத் தேடியது. ஒன்றாம் ரேங்க், கவர் இல்லாதது.

"கவுரு மேலதான் வெச்சன். உள்ள போவாது," என்றார். "கவுரு இல்லாத ஒண்ணு கீது. அதுக்கு வெக்கல. பூதான் போட்டன்."

இலையின் தலைமாட்டில் அது தனியாகப் படுத்திருந்தது. அதன்மேல் சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை. ஒரேயொரு சாமந்தி இதழ்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷமாக முறத்தில் கண் வைத்துக்கொண்டிருந்தவர், எதற்குக் கவர், எதற்கு ஈரம் ஆகாது என்பதையெல்லாம் பார்த்துத்தான் இருந்திருக்கிறார். எடுத்து உள்ளே வை என்றீர்களே, இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே என்று கேட்டேன்.

"கை பட்ற சாமானுக்குதான் ஆயுத பூஜை," என்றார். "ஒரு வருசமா பாக்கறன். உங்கை அதுலதான் கீது."

பையிலிருந்த புதுக் கவரை எடுத்து, ஒன்றாம் ரேங்க்குக்குப் போட்டுவிடலாம் என்று கை நீட்டினேன். மாமியார் என் கையைத் தட்டிவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போடாமல் தொடக்கூடாது. மண்வெட்டிக்கு என்ன சட்டமோ அதுதான் இதற்கும் என்றார். எங்கள் வீட்டில் அவசரமாகச் சட்னி அரைக்க வேண்டுமென்றாலும் அன்றைக்கு மிக்சியைத் தொட முடியாது. அப்படியிருக்க, பயில்வானுக்கு மட்டும் சலுகை உண்டா? கையை இழுத்துக்கொண்டேன்.

அன்று பொழுது போன பாடு எனக்குத்தான் தெரியும். கார்டு பிழைத்தது உண்மைதான். ஆனால் கவரின் மேல்பக்கம் திறந்திருக்கிறதே, சந்தனம் வழிந்து உள்ளே இறங்கினால்? அந்த இதழ் வாடித் தண்ணீர் விட்டால்? ஓட்டு அறையில் பல்லி வேறு. பொரியும் நாட்டுச்சர்க்கரையும் பக்கத்திலேயே படைத்திருக்கிறது, எறும்புப் படையே வருமே. ஏதாவது சாக்கு வைத்து அறைப் பக்கம் போய் எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். எங்க வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். உன் பயில்வானுங்களுக்கு எங்கம்மா பொட்டு வெச்சாச்சு, இனிமே அவங்க நம்ம சாதிசனம் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுத்தும் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் முதல் வேலையாக அங்கே போனேன். மாமியார் எனக்கு முன்பே எழுந்து குளித்து, அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பார்த்தால், மணையைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் ஒரு கோடு. தடிமனாக, இடைவெளி இல்லாமல், மூலையில் இரண்டு முறை அழுத்தி. கோட்டுக்கு வெளியே பொரித் தட்டில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. கோட்டுக்குள் ஒன்றுகூட இல்லை. எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். நீ படுக்கப் போனதும் என்றார்.

மறுபூஜை போட்டு, கற்பூரம் காட்டி, மண்வெட்டியைச் சற்று நகர்த்தி வைத்த பிறகு, இப்போ எடுத்துக்கோ என்றார். முதலில் ஒன்றாம் ரேங்க். இதழை நகத்தால் நெம்பினேன். உலர்ந்து லேசாக எழுந்து வந்தது. அடியில் மஞ்சளும் இல்லை, ஈரமும் இல்லை. பயில்வான் எப்போதும்போல முறைத்தான். அவனுக்கு முத்தம் கொடுக்காத குறை. உடனே கவருக்குள் தள்ளினேன். மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து தானாக உதிர்ந்தது. குங்குமக் கறை கவரில்தான், கார்டில் இல்லை. எல்லாம் சரியாக இருந்தன. நெஞ்சுக்குள் ஒரு வருஷமாக எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அது விட்டுப்போனது அப்போதுதான் தெரிந்தது. நன்றாகப் பசித்தது.

கார்டுகளை ஹாலுக்குக் கொண்டுவந்து தட்டில் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். மாமியாரின் அண்ணன். முறைப்படி எனக்குப் பெரியப்பா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் வாழைப்பழச் சீப்பு. வரவேண்டிய நாள் அதுதான், ஆனால் இவ்வளவு சீக்கிரம் வருவாரென்று நினைக்கவில்லை. மீதிக் கார்டுகளை முந்தானையால் மூடிக்கொண்டு, கண்ணாடியைச் சாத்தப் போனேன். முந்தாநாள் என்னிடம் மாமியார் கேட்டுக்கொண்டதும் இது ஒன்றுதானே. சாமான் அறையில் வைத்துப் பொட்டு வைத்தது வேறு, அண்ணன் கண்ணில் படுவது வேறு. அவருக்காகவாவது இந்த ஒரு வேளை உள்ளே எடுத்து வைத்துவிடலாம் என்று எனக்கே தோன்றிவிட்டது.

"இருக்கட்டும், அடுக்கு," என்றார் மாமியார், என் பக்கம் திரும்பாமல்.

பெரியப்பா உள்ளே வந்து பழத்தைத் தங்கச்சி கையில் கொடுத்தார். சோபாவில் உட்காரப் போனவர் என்னையும் தட்டையும் பார்த்துவிட்டு நின்றார். மெதுவாக ஷோகேஸ் பக்கம் வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இன்னா இது? சீட்டா?" என்றார்.

அந்தச் சொல்லை அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. எங்க வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் பழச் சீப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அண்ணன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்டுதாண்ணா," என்றார். "எம் மருமவ ஆடி ஜெயிச்சது."

பெரியப்பா மறுபடி குனிந்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், கண்ணாடியைத் தொடவில்லை.

"அல்லாத்தையுமா?" என்று கேட்டார்.

"அல்லாத்தையுந்தான். ஒண்ணுகூடத் தோக்கல," என்றார் மாமியார். பிறகு, எப்போதும் சொல்கிறதுபோலவே, "இலை போடட்டா?" என்று கேட்டார். பெரியப்பா தோள் துண்டை எடுத்துச் சோபாவில் போட்டுவிட்டு, கை கழுவ எங்கே தண்ணீர் என்று கேட்டார்.

உண்மையில் நானும் சில ஆட்டம் தோற்றிருக்கிறேன். அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.